வீட்டுக்குள் பூ வேண்டுமா? வயல் மண்ணை வயலிலேயே விட்டுவிடுங்கள்

டெல்டாக்காரனுக்கு மண்ணைப் பற்றி யார் சொல்லித் தரவேண்டும் என்ற நினைப்பில்தான் என் முதல் ஆந்தூரியம் பூச்செடியைக் கொன்றேன். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீடு, கொல்லையைத் தாண்டினால் வயல். நெல் விளைகிற மண்ணில் ஒரு பூச்செடி வளராதா என்று ஒரு கூடை அள்ளி வந்து தொட்டியை நிரப்பினேன். இருபது நாளில் மேல்மண் பாளமாக வெடித்து, தொட்டி ஓரத்தை விட்டு விலகிக்கொண்டது. ஊற்றிய தண்ணீர் எல்லாம் அந்த இடுக்கு வழியாக ஓடித் தட்டில் நின்றது. செடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் வேரின் தோல் வழவழவென்று கையோடு உரிந்து வந்தது, கூடவே சாக்கடை நாற்றம்.

விஷயம் இதுதான். ஆந்தூரியம் தென் அமெரிக்க மழைக்காட்டில், மரத்தின் மேல் தொற்றிக்கூட வளர்கிற செடி. அதன் வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். தண்ணீரைக் கட்டி நிறுத்துவது நம் களிமண்ணின் பெருமை, ஆனால் தொட்டிக்குள் அதுவே எமன். அதனால் தேங்காய் மட்டையைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி இரண்டு பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். மட்டையை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, உப்பையும் சாயத்தையும் போக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இந்த வேலையில் சோம்பல்பட்டால் இலை நுனி கருகும்.

அடுத்து வெளிச்சம். பழைய ஓட்டு வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தை விட நல்ல இடம் கிடையாது. மற்றவர்கள் கிழக்குப் பார்த்த ஜன்னலைத் தேடுங்கள். பத்து மணி வாக்கில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, ஓர் அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல் விரலாகக் கறுப்பு நிழல் விழுந்தால் வெயில் அதிகம். மங்கலாக, ஆனால் கை என்று தெரிகிற மாதிரி விழுந்தால் ஆந்தூரியம், பீஸ் லில்லி, பிகோனியா மூன்றுக்கும் சரி. நிழலே விழவில்லையா, அங்கே செடி உயிரோடு இருக்கும், பூக்காது. மல்லியையும் செம்பருத்தியையும் ஹாலுக்குள் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அதுகளுக்கு நேர் வெயில் வேண்டும், வாசலிலேயே இருக்கட்டும்.

ஆந்தூரியத்தில் சிவப்பாகத் தெரிவது உண்மையில் பூ இல்லை, நிறம் மாறிய இலை. நடுவில் நிற்கிற திரியில்தான் பொடிப்பொடிப் பூக்கள். அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேல் வாடாமல் நிற்கிறது. சேப்பங்கிழங்கின் சொந்தக்காரச் செடி என்பதால் அரிப்பும் உண்டு, தவழும் பிள்ளைக்கு எட்டாத இடமாக வையுங்கள். பீஸ் லில்லியும் அதே குடும்பம்தான். மலைப்பிரதேசத்துக்குப் போகிறவர்கள் ஆப்பிரிக்கன் வயலட்டைப் பார்த்து மயங்கிக் காசைப் போடாதீர்கள், நம் சித்திரை வெயிலை அது தாங்காது. எங்கள் வீட்டில் ஒன்று போய்விட்டது.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை ஒரு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் வாரக்கணக்கில் ஊற்றாமல்கூட ஓடும். பீஸ் லில்லி தாகமெடுத்தால் மயங்கி விழுந்த மாதிரி தொங்கும், ஊற்றிச் சில மணி நேரத்தில் எழுந்துவிடும், பதற வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றுங்கள். தட்டில் நிற்கிற தண்ணீரை அன்றைக்கே கொட்டிவிடவும், கொசு முட்டையிட அது போதும்.

உரம்? வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு கை போடலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். போட்டால் இலைதான் தழைக்கும், கொஞ்சம் கூடிப்போனால் வேரே வெந்துவிடும். உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றினால் தாராளம். மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ஒரு சொட்டு சோப்பு, சாயங்காலம் தெளிக்க வேண்டும்.

கலஞ்சோவுக்கு மட்டும் தனி வைத்தியம். இது தடித்த இலைச் செடி, வெயில் விழும் ஜன்னலும் காய்ந்த மண்ணும் கேட்கும். வாங்கும்போது ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கொட்டியிருக்கும், அப்புறம் ஒரு மொட்டுகூட வைக்காது. நீண்ட இருட்டு இல்லாமல் அது மொட்டு வைப்பதில்லை, நாமோ ராத்திரி பத்து மணி வரை ட்யூப்லைட்டை எரிக்கிறோம். ஐப்பசி பிறந்ததும் தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடி, காலை எட்டு மணிக்கு எடுங்கள். ஆறு வாரம், ஒரு நாள் விடாமல். போன வருஷம் இதைச் செய்தபோது, "செடிக்குக்கூடவா தூக்கம் பிடிக்கவில்லை?" என்று அத்தை சிரித்தார். மார்கழி கடைசியில் மொட்டு விரிந்தது, பொங்கலன்று அந்தத் தொட்டியைக் கோலத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவரும் அவர்தான். வெயில் ஏறினதும் நான்தான் உள்ளே தூக்கி வந்தேன்.