கிருஷ்ணகிரியில் இருந்தபடியே பசுமைக் கட்டடத் துறைக்குள் நுழைவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

சிவில் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு, தருமபுரி பக்கம் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பவர்களும் ஓசூரில் ஏதாவது ஒரு சைட்டில் சூப்பர்வைசராக நிற்பவர்களும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “பசுமைக் கட்டடச் சர்டிபிகேட் (மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருளை மிச்சம் பிடிக்கும் கட்டடங்களைப் பற்றியது) வாங்கினால் நல்ல வேலை கிடைக்குமாமே, எங்கே பணம் கட்டணும்?” பணம் கட்டுவது நான்காவது படியில் வரும். அதுவரை ஒரு டேப், ஒரு பக்கெட், ஒரு நோட்டு போதும். சொந்த வீட்டை அளந்து பார்க்காமல் தேர்வுக்கு மட்டும் படித்துத் தேறியவர்கள், முதல் சைட் மீட்டிங்கில் மேஸ்திரி கேட்கும் சாதாரணக் கேள்விக்கே திணறுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இந்த வரிசை.

முதல் படி: எந்தச் சான்று யாருக்கு?

பிளாட்டினம், கோல்டு, ஐந்து நட்சத்திரம் என்கிற தரமெல்லாம் கட்டடத்துக்குக் கிடைப்பது. உங்களுக்குக் கிடைப்பது, அந்த மதிப்பீட்டு முறை உங்களுக்குத் தெரியும் என்பதற்கான தகுதிச் சான்று. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உலவுகிறது: இரண்டு நாள் வகுப்பு நடத்திவிட்டு பயிற்சி மையமே அச்சடித்துக் கொடுக்கும் தாள். வகுப்பு நன்றாகவே இருக்கலாம், ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் தேடுவது அதை இல்லை. சேருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முடித்தபின் என் பெயர் எந்த அமைப்பின் பட்டியலில் வரும்?” பதில் சுற்றி வளைத்து வந்தால் கிளம்பிவிடலாம்.

இரண்டாம் படி: நான்கு பெயர்கள்

லீட் (LEED) என்பது பசுமைக் கட்டடத்தை மதிப்பிடும் அமெரிக்க முறை. மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்று, 50-க்கு சில்வர், 60-க்கு கோல்டு, 80-க்கு பிளாட்டினம். ஐஜிபிசி, அதாவது இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சில், இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் 2001-இல் தொடங்கியது, தலைமையிடம் ஹைதராபாத். அங்குள்ள சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை மையத்தை 2004-இல் திறந்து வைத்தவர் அப்துல் கலாம். அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் வாங்கிய முதல் கட்டடம் அதுதான். கிரிஹா என்பது டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனமும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்தது, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை. 2,500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடங்களுக்கு ஸ்வாகிரிஹா என்று ஒரு சின்ன வடிவமும் உண்டு. எட்ஜ், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சியினுடையது; ஆற்றல், தண்ணீர், கட்டுமானப் பொருளைத் தயாரிப்பதில் வெளியாகும் கார்பன் மூன்றிலும் குறைந்தது 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும்.

எதை எடுப்பது? ஓசூர், பெங்களூரு தொழிற்சாலை, கிடங்கு, ஐடி கட்டட வேலைதான் குறி என்றால் லீட் அல்லது ஐஜிபிசி. அரசுக் கட்டடங்கள் பக்கம் போக நினைத்தால் கிரிஹா. எதுவும் முடிவாகவில்லையா, எட்ஜின் மென்பொருளை இணையத்தில் இலவசமாகத் திறந்து ஒரு வீட்டின் விவரங்களைப் போட்டுப் பாருங்கள், எந்த மாற்றத்துக்கு எத்தனை சதவீதம் நகர்கிறது என்று உடனே கண்ணுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு மைதானம் எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: உங்கள் வீட்டை அளங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது.

முதலில் ஜன்னல். குடியிருப்புகளுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பில், தரைப்பரப்பில் இத்தனை சதவீதம் திறக்கக்கூடிய ஜன்னல் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. பெங்களூரு போன்ற மிதமான தட்பவெப்பத்துக்கு 12.5 சதவீதம், வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிக்கு 16.66. ஓசூர் மேட்டு நிலம், பெங்களூருக்குப் பக்கம். தொப்பூர் கணவாய் பக்கம் இறங்கினால் வெயிலே வேறு மாதிரி அடிக்கும். அதனால் பக்கத்துப் பக்கத்து மாவட்டம்தானே என்று ஒரே எண்ணைப் போடாமல், உங்கள் ஊர் எந்த மண்டலம் என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்வோம். 120 சதுர அடிக்கு 12.5 சதவீதம் என்றால் 15 சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்று இருக்கிறது, 16 சதுர அடி, தேறிவிட்டது என்று நினைப்பீர்கள். அது இப்போது எல்லா வீட்டிலும் போடுகிற இரண்டு கதவு ஸ்லைடிங் யூபிவிசி ஜன்னல் என்றால் பாதிதான் திறக்கும், கணக்கில் வருவது 8 சதுர அடி. பழைய மரக் கதவு ஜன்னலாக இருந்தால் கிட்டத்தட்ட முழுசும் திறக்கும், 90 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம். (விதிப்படி வீடு முழுவதற்கும் சேர்த்துத்தான் போடுவார்கள், வெளியே திறக்கும் கதவும் வென்டிலேட்டரும் சேரும்; பழகுவதற்கு ஒரு அறை போதும்.)

அப்புறம் தண்ணீர். பழைய ஃபிளஷ் டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர் விடும். நாலு பேர், ஆளுக்கு ஐந்து தடவை: 200 லிட்டர். லீட் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படை அளவு 6 லிட்டர், அதன்படி 120. முழுசுக்கு 6, அரைக்கு 3 லிட்டர் விடும் இரட்டை பட்டன் டேங்க் வைத்து, ஆளுக்கு ஒரு தடவை முழுசும் நாலு தடவை அரையும் அழுத்தினால் ஒருவருக்கு 18, நாலு பேருக்கு 72. அடிப்படையிலிருந்து 40 சதவீதம் குறைவு. உண்மையான சான்றிதழ் விண்ணப்பத்திலும் கணக்கு இந்த மாதிரிதான் போகும், பெரிய அட்டவணையாக இருக்கும், அவ்வளவுதான்.

குழாய்க்கு பக்கெட் வையுங்கள். 10 லிட்டர் பக்கெட் 50 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 12 லிட்டர். லீட் அடிப்படையில் வீட்டு வாஷ்பேசின் குழாய்க்கு 8.3. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: அந்த 8.3 என்பது சுமார் 4 பார் அழுத்தத்தில் சொல்லப்பட்டது. குழாய்க்கு மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும் மாடித் தொட்டி கொடுப்பதோ 0.3 பார். அதனால் உங்கள் பக்கெட் கணக்கையும் கம்பெனி பட்டியலில் உள்ள எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. குழாய் வாயில் ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் சின்ன வலை மூடி) போடச் சொல்வார்கள், நல்லதுதான், ஆனால் நம் பக்கத்து போர்வெல் உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்க்கச் சொல்லிக் கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் கழற்றித் தூக்கி எறிந்துவிடுவார், நீங்கள் எழுதிய சேமிப்பும் அதோடு போச்சு.

மழைநீர்: 1,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஆண்டு மழை 800 மில்லிமீட்டர் என்று வைத்து, வீணாவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 59,500 லிட்டர் வருகிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது, அதனால் குழி எல்லா வீட்டிலும் இருக்கும். மாடிக் குழாய் அந்தக் குழிக்குள் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

மாடித் தளம் வெயில் சூட்டை எவ்வளவு தள்ளிவிடுகிறது என்று சொல்ல எஸ்ஆர்ஐ என்ற எண் உண்டு: நிர்ணயித்த கறுப்புப் பரப்புக்கு 0, வெள்ளைக்கு 100. கூல் ரூஃப் பெயிண்டோ வெள்ளை டைல்ஸோ வாங்கும்போது அந்த எண் போட்ட தாளைக் கேளுங்கள். கடைக்காரர் “சூடே தெரியாது சார்” என்பார், தாள் இருக்காது.

நான்காம் படி: தேர்வு

லீட் முறையில் ஆட்களுக்குக் கொடுக்கும் முதல் நிலைத் தகுதிச் சான்றான லீட் கிரீன் அசோசியேட்டை வைத்துச் சொல்கிறேன். முன் அனுபவம் தேவையில்லை. 100 கொள்குறி வினாக்கள், இரண்டு மணி நேரம், மதிப்பெண் 125 முதல் 200 வரை, தேற 170. தேர்வு மையத்திலும் எழுதலாம், வீட்டிலிருந்து கேமரா முன்னும் எழுதலாம். கரண்ட் போகும் ஊரென்றால் மையத்துக்கே போய்விடுவது நிம்மதி. லீட் ஐந்தாம் பதிப்பு 2025-இல் வந்துவிட்டது, அதனால் நண்பர் கொடுத்த பழைய பிடிஎஃபை நம்பாமல், நீங்கள் எழுதும் தேதியில் எந்தப் பதிப்பிலிருந்து கேட்பார்கள் என்று தேர்வுக் கையேட்டில் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

படிக்கும்போது கட்டாயத் தேவை எது, புள்ளி தருவது எது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். கட்டாயத் தேவையில் ஒன்று விட்டுப்போனாலும் புள்ளிகள் எத்தனை இருந்தாலும் சான்று கிடைக்காது, கேள்வியும் அங்கே நிறைய விழும். ஆங்கிலம் தடுமாறினால் மூன்றாம் படியில் செய்த கணக்கைத் திரும்பிப் பாருங்கள், பாதிச் சொற்கள் அங்கேயே புரிந்துவிடும்.

ஐந்தாம் படி: காகித வேலை

சேர்ந்த புதிதில் உங்களுக்குத் தரப்படும் வேலை டிசைன் இல்லை, பில் சேகரிப்பது. மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த பிளை ஆஷ் கல், பக்கத்துக் குவாரி கிரானைட் என்று எதை எடுத்தாலும் எங்கே தயாரானது, சைட்டுக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை டன் என்று பில்லோடு வேண்டும். சுவருக்கு எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் அதன் விஓசி (பெயிண்டிலிருந்து காற்றில் கலக்கும் ரசாயன ஆவி) அளவு போட்ட தாள் வேண்டும். தோண்டும்போதே மேல்மண்ணைத் தனியாகக் குவித்ததற்கு தேதியோடு போட்டோ வேண்டும். கட்டி முடித்தபின் அந்தப் போட்டோவை யாராலும் எடுக்க முடியாது. முதல் வாரமே மேஸ்திரியையும் ஸ்டோர் ஆளையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, லோடு இறங்கியவுடன் பில்லை அதில் போடச் சொல்லிவிடுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் போடுவார்கள்.

கிரீன் அசோசியேட் ஆனபின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 15 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும், அதற்கு அடுத்த நிலையான லீட் ஏபி ஆனால் 30. இலவச வெபினார்களிலேயே பெரும்பகுதி முடித்துவிடலாம், முடித்த அன்றே பதிவு செய்துவிடுங்கள், கடைசி மாதம் உட்கார்ந்து தேடினால் பாதிக்கு ஆதாரம் கிடைக்காது.