ரங்கூன்–சென்னை விமானப் பயணம்: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

ரங்கூன் விமான நிலையமான மிங்கலாடோனில் ஏறி சென்னை மீனம்பாக்கத்தில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். டிக்கெட்டில் இருக்கும் இரண்டு மணிகளை அப்படியே கழித்துவிடுவதுதான் காரணம்.

முதலில் தூரம். மிங்கலாடோன் வடக்கே 16.91 பாகை, கிழக்கே 96.13 பாகை. மீனம்பாக்கம் 12.99, 80.17. இரண்டு வடக்குப் பாகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.0654. அவற்றின் கொசைன்களையும், கிழக்குப் பாகைகளின் வித்தியாசமான 15.96-இன் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.8963. கூட்டினால் 0.9617. இதற்கு நேர்மாறு கொசைன் 15.9 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர், ஆக 1,768 கிலோமீட்டர், அதாவது சுமார் 1,100 மைல். விமானிகள் சொல்லும் கடல்மைலில் 955. மைலையும் கடல்மைலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விடை கன்னாபின்னாவென்று வந்தால் கால்குலேட்டர் ரேடியன் என்ற வேறு கோண அளவில் இருக்கிறது, டிகிரிக்கு (பாகைக்கு) மாற்றுங்கள். இன்னொரு தவறு கண்ணில் படாது. வரைபடத்தில் 16°54' என்று இருப்பதை 16.54 என்று அடித்துவிடுவோம். ஒரு பாகைக்கு 60 நிமிடம் (') என்பதால் 54-ஐ 60-ஆல் வகுத்து 16.9 என்றுதான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஊரே 40 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப்போகும்.

நேரத்துக்கு, தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரைமணி சேருங்கள். இங்கே சுமார் 2 மணி 45 நிமிடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வங்கக்கடலுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று அடிக்கும். சென்னைக்குப் போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது எதிர்க்கும்.

இனி கடிகாரம். பர்மா இந்தியாவைவிட 1 மணி முன்னே. காலை 10-க்குக் கிளம்பி 11.45-க்கு இறங்குவதாக டிக்கெட் சொன்னால், பயணம் 1.45 இல்லை, 2.45. திரும்பும்போது கழித்து வரும் விடையில் 1 மணியைக் குறையுங்கள்.

நேர்விமானம் இல்லாத நாளில்தான் கணக்கு உண்மையில் தேவைப்படுகிறது. பாங்காக் வழியாக 611-உம் 2,227-உம் சேர்ந்து 2,838 கிலோமீட்டர். கோலாலம்பூர் வழியாக சுமார் 4,320. கல்கத்தா வழியாக 2,413 மட்டுமே, ஆனால் குடியேற்றச் சோதனையும் சுங்கமும் அங்கேயே முடியும். பெட்டியை எடுத்து மறுபடி உள்நாட்டு விமானத்தில் போட வேண்டியிருக்கும். இடையில் 3 மணிக்குக் குறைவாக வைக்காதீர்கள். மொத்தத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது தூரமல்ல, காத்திருப்புதான்.

பாங்காக் வழிக்கு எல்லா மணியையும் பர்மா நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்: தாய்லாந்து நேரத்தில் அரைமணி கழிக்கவும், இந்திய நேரத்தில் 1 மணி கூட்டவும். உதாரணமாக, காலை 10-க்குக் கிளம்பி, மாலை 3.55-க்குச் சென்னையில் இறங்கினால், அது நம் நேரம் 4.55. பயணம் 6 மணி 55 நிமிடம்.

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள் உண்டு. டோன் மியாங்கில் இறங்கி சுவர்ணபூமியில் ஏறுவதாகத் தனித்தனி டிக்கெட் வாங்கினால், தாய்லாந்துக்குள் நுழைந்து, ஊரைக் கடந்து போக வேண்டும். மலிவான டிக்கெட் என்று பணம் கட்டுமுன் நிலையத்தின் பெயரைப் பாருங்கள். பெகு போன்ற வெளியூரிலிருந்து வருபவர்கள் மிங்கலாடோன் வரைக்குமான சாலை நேரத்தையும், விமானத்துக்கு 3 மணி முன்பாக வந்து நிற்பதையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.