மிரர்லெஸ் போட்டியில் பின்தங்கிய கம்பெனி மேலே வருமா? கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது மிரர்லெஸ் கேமரா (எஸ்எல்ஆர், டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்குள் இருக்கும் கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வெளிவரும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி எழும்: இந்தக் கம்பெனி இனியாவது மற்றவர்களை எட்டிப் பிடிக்குமா, இல்லை இதோடு அவ்வளவுதானா? லென்ஸ்களில் பெரும்பணம் போட்டு வைத்திருப்பவருக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. தப்பாகக் கணித்தால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் லென்ஸ்களை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு வேறு பக்கம் தாவுவோம். அல்லது வராத கேமராவுக்காக வருடக்கணக்கில் காத்திருப்போம். இரண்டுமே நடந்திருக்கின்றன. 2018இல் நிக்கானுக்கு முடிவுரை எழுதியவர்கள் ஏராளம். மூன்றே வருடத்தில் அந்தக் கம்பெனி இசட் 9 கேமராவோடு வந்து நின்றது.

பின்தங்கிய கம்பெனியால் எட்டிப் பிடிக்க முடியும் என்பதுதான் என் எண்ணம். எத்தனை வருடம் பிந்தினார்கள் என்பதைவிட, தங்கள் பழைய சரக்கோடு தாங்களே மோதத் துணிந்தார்களா என்று பார்க்க வேண்டும். கணிப்பில் வரும் பெரும்பாலான தவறுகள் இதைப் பார்க்காமல் விடுவதால் வருபவை.

முதலில் வந்தவருக்கே முதலிடம் என்று நினைப்பது

இன்று மிரர்லெஸ் என்று சொல்லும் வகையைத் தொடங்கிவைத்தது 2008இல் வந்த பானாசோனிக் லூமிக்ஸ் ஜி1. அடுத்த வருடம் ஒலிம்பஸ் வந்தது. 2010இல் சாம்சங்கும் சோனியும் இறங்கின. இந்த நால்வரில் இன்று முன்வரிசையில் இருப்பது சோனி மட்டுமே. ஒலிம்பஸின் கேமராத் தொழில் கைமாறி, 2021 ஜனவரி முதல் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனிக் கம்பெனியாக நடக்கிறது. சாம்சங் கடையையே மூடிவிட்டது. அதுவும் எப்படிப்பட்ட கேமராவைச் செய்துவிட்டு! 2014இல் வந்த அதன் என்எக்ஸ்1, 28 மெகாபிக்சல் சென்சார், நொடிக்கு 15 படம், 4கே வீடியோ என்று அந்த வருடத்தில் யாரிடமும் சுலபமாகக் கிடைக்காத வசதிகளோடு வந்தது. தொழில்நுட்பத்தில் தோற்று சாம்சங் போகவில்லை.

சோனியின் ஆரம்பமும் இன்று நினைப்பதுபோல அமர்க்களமாக இல்லை. முழு ஃபிரேம் ஏ7, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட கேமரா, வந்தது 2013இல். ஒரு தொழில்முறை போட்டோகிராபர் முதலில் கேட்கும் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸை சோனி அந்த கேமராவின் மவுண்ட்டுக்கு (லென்ஸைப் பொருத்தும் வளையத்துக்கு) கொடுத்தது 2016இல்தான். பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது என்ற புகார் 2017இன் ஏ9, 2018இன் ஏ7 III வரும்வரை ஓயவில்லை. அந்த ஐந்து வருட அவகாசம் கேனானும் நிக்கானும் சும்மா விட்டுக்கொடுத்தது.

இது முன்பும் நடந்தது என்பதை மறப்பது

1985இல் மினோல்டா 7000 வந்தபோது, ஆட்டோஃபோகஸ் உள்ள எஸ்எல்ஆர் எப்படி இருக்க வேண்டும் என்பதை அது உலகத்துக்குக் காட்டிவிட்டது. கேனானும் நிக்கானும் திகைத்தன. இருவரும் எடுத்த முடிவுகள் முற்றிலும் வேறு.

நிக்கான் 1959இலிருந்து இருந்த எஃப் மவுண்ட்டைக் கைவிடவில்லை. ஆட்டோஃபோகஸ் மோட்டாரை பாடிக்குள் வைத்தது. அந்தக் காலத்து நிக்கான் பாடியின் லென்ஸைக் கழற்றிப் பார்த்தால், மவுண்ட் வளையத்தில் ஸ்க்ரூடிரைவர் முனைபோல ஒன்று சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும். அது சுழன்று லென்ஸுக்குள் இருக்கும் பற்சக்கரங்களைத் திருப்பினால்தான் ஃபோகஸ் நகரும். பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களைக் கைவிடாத நல்ல முடிவாகவே அன்று அது தெரிந்தது.

கேனான் தன் எஃப்டி மவுண்ட்டை அப்படியே தூக்கிப் போட்டது. 1987இல் இஓஎஸ் 650 கேமராவோடு இஎஃப் என்ற புது மவுண்ட்டைக் கொண்டுவந்தது. மோட்டார் ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் போய்விட்டது. பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே சுழலும் உறுப்பு எதுவும் இல்லை, மின் தொடர்பு மட்டும்தான். எஃப்டி லென்ஸ்களில் காசைக் கொட்டியவர்கள் கொதித்துப்போனார்கள், அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அடுத்த சில வருடங்களில் விளையாட்டு மைதான ஓரங்களில் கேனானின் வெள்ளை லென்ஸ்கள் வரிசைகட்டின. மினோல்டா முதலில் கொனிக்காவோடு இணைந்து, 2006இல் கேமராத் தொழிலை சோனியிடம் கொடுத்துவிட்டு விலகியது. சோனியின் ஆல்பா அங்கிருந்து முளைத்ததுதான்.

இதன் விளைவு முப்பது வருடம் கழித்தும் தெரிந்தது. 2018இல் கேனான் ஆர்எஃப் மவுண்ட்டுக்கு மாறியபோது, பழைய இஎஃப் லென்ஸை ஓர் அடாப்டரில் பொருத்தினால் போதும், ஃபோகஸ் பழையபடி ஓடியது. 1987இன் லென்ஸ்கூட அப்படித்தான். நிக்கானும் தன் புது இசட் மவுண்ட்டுக்கு எஃப்டிஇசட் அடாப்டரைக் கொடுத்தது. ஆனால் அதற்குள் மோட்டார் கிடையாது. ஸ்க்ரூ முனையை நம்பியிருந்த டி வகை லென்ஸ்களை வைத்திருந்தவர்கள் இசட் கேமராவில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியதாயிற்று. அன்று வாடிக்கையாளரைக் காப்பாற்றிய முடிவே பின்னால் அவர்களைச் சிரமப்படுத்தியது. ஒரு கம்பெனி மேலே வருமா என்று பார்ப்பவர்கள் அதன் புது பாடியைப் பார்ப்பதற்குமுன் இந்த மாதிரி மவுண்ட் முடிவுகளைப் பார்க்க வேண்டும். பாடி நாலு வருடத்தில் மாறிவிடும், மவுண்ட் முடிவோடு முப்பது வருடம் வாழ வேண்டும்.

தாமதத்தையும் தயக்கத்தையும் ஒன்றாகப் பார்ப்பது

கேனானும் நிக்கானும் 2018 வரை மிரர்லெஸ் பக்கமே வரவில்லை என்று பலர் சொல்வார்கள். அது உண்மையில்லை. நிக்கான் 1 வரிசை 2011இல் வந்தது, கேனான் இஓஎஸ் எம் 2012இல் வந்தது. சரி, அப்புறம் ஏன் எடுபடவில்லை?

நிக்கான் 1 கேமராவின் ஃபோகஸ் வேகம் அந்தக் காலத்துக்கு அசத்தல். சென்சாரிலேயே கட்ட வேறுபாட்டு ஃபோகஸ் (எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று உடனே அறியும் முறை), நொடிக்கு 10 படம் எல்லாம் இருந்தன. ஆனால் அதன் ஒரு இன்ச் சென்சார், நிக்கானின் சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சாரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பரப்புதான். எம் வரிசையின் முதல் கேமராவோ ஃபோகஸ் பிடிக்கவே திணறியது. சொந்த டிஎஸ்எல்ஆர் விற்பனைக்குப் பங்கம் வராத அளவுக்கு மட்டும் நல்ல கேமராவாக இவை செய்யப்பட்டன என்றே நான் நினைக்கிறேன். வாங்குபவருக்கு அந்தத் தயக்கம் உடனே தெரிந்துவிடும்.

அந்தத் தயக்கம் எப்போது உடைந்தது என்பதற்கு 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இசட் 9 நல்ல சாட்சி. அதில் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை. சாதாரண சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். அதற்குள் வேகமாக நகரும் பொருள் இடம் மாறிவிட்டால், சுழற்றிய மட்டை வளைந்தும், சுழலும் விசிறியின் இறக்கை கோணலாகியும் படத்தில் விழும். அதனால்தான் எல்லோரும் மெக்கானிக்கல் ஷட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நினைவகத்தைச் சென்சாரோடு அடுக்கி, படிக்கும் வேகத்தைப் பலமடங்கு கூட்டும் அடுக்கு சென்சாரை முழு ஃபிரேமில் முதலில் கொடுத்தது சோனியின் ஏ9. ஆனால் அந்தக் கேமராவிலும் மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தது. பின்னால் வந்த நிக்கான்தான் அதைத் துணிந்து தூக்கிப் போட்டது. கேனானின் தயக்கம் உடைந்தது 2020 ஜூலையில் வந்த ஆர்5, ஆர்6 கேமராக்களில்.

அட்டவணையை மட்டும் படிப்பது

பானாசோனிக் 2019இல் எஸ்1, எஸ்1ஆர் கேமராக்களைக் கொடுத்தபோது, வசதிப் பட்டியலில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஒருவரைக் கேமராவை நோக்கி நடந்துவரச் சொல்லி வீடியோ எடுத்துப் பாருங்கள். முகம் தெளிவாகத்தான் இருக்கும், பின்னால் இருக்கும் சுவரும் செடியும் மட்டும் மெல்ல மங்கி, தெளிந்து, மறுபடி மங்கிக்கொண்டே இருக்கும். காரணம், மாறுபாட்டை அளக்கும் ஃபோகஸ் முறை சரியான இடம் எது என்று தெரிந்துகொள்ள முன்னும் பின்னும் அசைந்து பார்த்தாக வேண்டும். எந்த அட்டவணையிலும் இதற்கு ஒரு வரி இருக்காது. வீடியோ எடுப்பவர்கள் இதற்காகவே வேறு கம்பெனிக்குப் போனார்கள். லூமிக்ஸில் கட்ட வேறுபாட்டு ஃபோகஸ் வந்தது 2023 ஜனவரியில், எஸ்5 II கேமராவில். ஜி1 வந்து பதினான்கு வருடத்துக்குப் பிறகு!

மவுண்ட் விட்டத்தை வைத்துப் போடும் சண்டையும் இதே ரகம். நிக்கான் இசட் மவுண்ட் 55 மி.மீ., கேனான் ஆர்எஃப் 54 மி.மீ., சோனி இ மவுண்ட் ஏறத்தாழ 46 மி.மீ. அகலமான மவுண்ட் லென்ஸ் வடிவமைப்பவருக்குக் கூடுதல் சுதந்திரம் தருவது உண்மைதான். ஆனால் அதை வைத்து சோனியின் எதிர்காலத்தையே அளந்தவர்கள், 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ்களைத் தராசில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்: நிக்கான் 1,090 கிராம், கேனான் 950 கிராம், சோனி 778 கிராம். குறுகிய மவுண்ட்டின் லென்ஸ்தான் எடை குறைவு.

முதல் மாடலை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

இசட் 6, இசட் 7 வந்தபோது, ஒரே ஒரு கார்டு ஸ்லாட் என்பதுதான் எங்கும் பேச்சு. கல்யாணம் எடுப்பவருக்கு அது நியாயமான கவலை. கார்டு கெட்டுப்போனால் மறுபடி எடுக்க முடியாத படங்கள் அவை. ஆனால் கார்டு ஸ்லாட் அடுத்த மாடலில் சரியாகிவிடும் குறை. 2020இல் இசட் 6 II இரண்டு ஸ்லாட்டோடு வந்தது. கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ் அதற்கும் முன்பே, 2019 மே மாதத்தில், ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட்டாகப் பழைய கேமராவுக்கே கிடைத்தது. ஆர்5 கேமரா 8கே எடுக்கும்போது சூடாகி நின்றதும் அப்படித்தான் பெரிதாகப் பேசப்பட்டது. போட்டோ எடுப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தக் கேமராவை வாங்கினார்கள். சென்சார் விஷயத்திலும் பயம் தேவையில்லை. நிக்கான், ஃபுஜிஃபில்ம் போன்ற கம்பெனிகளின் பல மாடல்களில் இருப்பது சோனியின் செமிகண்டக்டர் பிரிவு தயாரித்துக் கொடுக்கும் சென்சார்தான்.

விற்பனைப் பங்கை மட்டும் பிடித்துத் தொங்குவது

டிஜிட்டல் கேமரா சந்தை 2010இல் உச்சம் தொட்டது. அந்த வருடம் உலகமெங்கும் அனுப்பப்பட்டவை சுமார் 12 கோடி. 2020இல் அது 90 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இப்படிச் சுருங்கிய சந்தையில் பழைய எண்ணிக்கைக்குத் திரும்புவதை எட்டிப் பிடிப்பதன் அடையாளமாக எடுத்துக்கொண்டால் யாருமே தேறமாட்டார்கள். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிக்கானின் கேமராப் பிரிவு நஷ்டத்தில் இருந்தது. செலவைக் குறைத்து, விலை உயர்ந்த மாடல்களில் கவனம் வைத்து, மறு வருடமே லாபத்துக்கு வந்தது. ஃபுஜிஃபில்ம் முழு ஃபிரேம் போட்டிக்குள் நுழையவே இல்லை. ஒரு பக்கம் முழு ஃபிரேமைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சார், இன்னொரு பக்கம் 2017இல் வந்த, முழு ஃபிரேமைவிடப் பெரிய மீடியம் ஃபார்மட் ஜிஎஃப்எக்ஸ் என்று தனக்கான இடத்தை வைத்துக்கொண்டது.

லென்ஸை எண்ணாமல் விடுவது

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுகிறது. பாடியை மூன்று வருடத்தில் சரிசெய்யலாம். லென்ஸ் வரிசை கட்ட அதைவிட அதிக காலம் பிடிக்கும், பணமும் பிடிக்கும். சோனி இதைச் சீக்கிரமே உணர்ந்தது. 2011இலேயே இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. 2018இல் டாம்ரான் 28-75 எஃப் 2.8 வந்தபோது, சோனியின் சொந்த லென்ஸை வாங்க வசதியில்லாதவர்கள்கூட ஏ7 III பக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நிக்கானுக்கு டாம்ரான் 2022இலும் சிக்மா 2023இலும் லென்ஸ் கொடுக்கத் தொடங்கின. கேனான் நீண்ட நாள் கதவைச் சாத்தி வைத்திருந்து, 2024இல்தான் இவ்விருவருக்கும் அனுமதி கொடுத்தது. அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களோடு தொடங்கியது.

உங்கள் வேலைக்கு அவசியமான இரண்டு மூன்று லென்ஸ்களை எழுதிக்கொள்ளுங்கள். அவை இன்று விற்பனையில் இருக்கின்றனவா, என்ன விலை, என்ன எடை, இன்னொரு கம்பெனியின் மலிவான மாற்று உண்டா என்று பாருங்கள். இனி வரப்போகும் லென்ஸ்களைக் காட்டும் கம்பெனியின் திட்டப் படத்தில் நிழலாக மட்டும் இருக்கும் லென்ஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு கம்பெனிக்கு உண்மையிலேயே மனசு இருக்கிறதா என்பது இந்த எண்ணிக்கையில் சீக்கிரமே தெரிந்துவிடும். கேனானின் எம் வரிசையும் ஃபுஜிஃபில்மின் எக்ஸ் மவுண்ட்டும் ஒரே வருடம், 2012இல், தொடங்கியவை. 2015 முடியும்போது ஃபுஜிஃபில்மிடம் பதினைந்துக்கும் மேற்பட்ட லென்ஸ்கள் இருந்தன. எம் வரிசைக்கென்று கேனான் செய்திருந்தவை ஐந்து. கடைசிவரை சேர்த்தாலும் எட்டுதான், அந்த எட்டில் ஒன்றைக்கூட இன்றைய ஆர்எஃப் கேமராவில் பொருத்த முடியாது.