மழை மேகமும் கடற்காகமும்: தனுஷ்கோடியில் இருண்ட படம் எடுப்பது எப்படி

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தனுஷ்கோடி மணலில் கடற்காகங்களும் (gull) ஆலாக்களும் (tern) கூட்டமாக வந்து உட்காரும். படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தெளிந்த வானம் இருக்கும் நாளாகப் பார்த்துப் போகிறார்கள். நீங்கள் மேகம் கட்டியிருக்கும் நாளில் போங்கள். நீல வானமும் உச்சி வெயிலும் வெள்ளைப் பறவைக்கு ஓர் அடையாள அட்டைப் படத்தைத்தான் தரும், அதற்கு மேல் ஒன்றும் தராது. வங்கக்கடல் பக்கம் கருமேகம் திரண்டு நிற்க, மேற்கே மேகம் கிழிந்து அந்த இடைவெளி வழியாகச் சாய்வெயில் வந்து பறவையின் மேல் மட்டும் விழும் சில நிமிடங்கள் இருக்கிறதே, மனதில் நிற்கும் படம் அந்த நிமிடங்களில்தான் கிடைக்கும்.

முதலில் காற்றைப் பாருங்கள், கேமராவை அப்புறம் பார்க்கலாம். இந்த மாதங்களில் வீசுவது வாடைக்காற்று. இறகு கலையாமல் இருக்க, பறவைகள் காற்று வரும் திசையைப் பார்த்தே நிற்கும், அதாவது வடக்கு, வடகிழக்கு. மாலையில் சூரியன் தென்மேற்கை ஒட்டி இறங்குகிறது. அதனால் சூரியனை முதுகில் வைத்து உட்கார்ந்தால் கருமேகப் பின்னணி அருமையாகக் கிடைக்கும், ஆனால் பறவை உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். பரவாயில்லை, காத்திருங்கள். இறகு கோதும்போதும் பக்கத்துப் பறவையைப் பார்க்கும்போதும் தலையைத் தோளுக்கு மேல் திருப்பும், அப்போது பாதி முகத்தில் வெயிலும் பாதியில் நிழலுமாக நிற்கும். எனக்கு நேர்ப் பார்வையைவிட அந்தத் திரும்பிய பார்வைதான் பிடிக்கும்.

வெளிச்ச அளவில்தான் பெரும்பாலான படங்கள் கெட்டுப்போகின்றன. ஃபிரேம் முழுக்கக் கருமேகம் இருந்தால் கேமரா காட்சி இருட்டாக இருக்கிறது என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மேகம் சாம்பலாக வெளுத்து, பறவையின் வெள்ளைத் தலை வெந்துபோய் ஒரு இறகுகூடத் தெரியாது. அதனால் எல்லா அளவையும் நீங்களே வைக்கும் முழு மேனுவலுக்குப் போய்விடுங்கள். தலையின் வெள்ளை, ஹைலைட் எச்சரிக்கையில் (வெந்துபோகும் இடத்தைத் திரையில் மின்னிக் காட்டும் வசதி) மின்னத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி அளவை வையுங்கள். மற்றதெல்லாம் இருட்டில் மூழ்கட்டும், மூழ்குவதுதான் நமக்கு வேண்டும்.

ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவைக் கேமராவே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ ஐஎஸ்ஓ வசதியாகத் தோன்றும், ஆனால் இந்த வேலைக்கு நான் அதைப் பயன்படுத்தச் சொல்லமாட்டேன். பறவை கருமேகத்தின் முன்னாலிருந்து வெள்ளை நுரைக்கு முன்னால் நகர்ந்தால், அதன் மேல் விழும் வெயில் மாறாமலே கேமரா அளவை மாற்றிவிடும். நீங்கள் மாற்ற வேண்டியது பறவை மேல் விழும் ஒளி மாறும்போது மட்டும். ஐஎஸ்ஓவைக் கட்டைவிரலுக்கு எட்டும் டயலில் வைத்துக்கொண்டு, சாய்வெயில் விழும்போது ஷட்டர் வேகம் 1/1600 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 6.3, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்குங்கள். மேகம் மூடினால் இரண்டு மூன்று ஸ்டாப் ஒளி சட்டென்று இறங்கும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் ஒளி பாதியாகும்). நிற்கிற பறவைக்கு 1/500 போதும், மீதியை ஐஎஸ்ஓவில் ஏற்றுங்கள். நிறச் சமநிலையான வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், வெயிலின் செம்மையையும் மேகத்தின் நீலத்தையும் அது கழுவிவிடும். 5200 கெல்வினில் நிறுத்திவிடுங்கள்.

மணலில் படுத்துவிடுங்கள். லென்ஸ் தாழ்ந்தால் பறவையின் தலை அடிவானத்துக்கு மேலே மேகத்துக்குள் எழும். அடிவானக் கோடு மட்டும் கழுத்தை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பறவை என்பதும் முக்கியம். பழுப்புத் தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் தலை வெள்ளையாகத்தான் இருக்கும், கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி. வளர்ந்த பறவையின் விழி வெளிறியது, அதனால் மங்கிய ஒளியிலும் பார்வை எடுபடும். கொண்டை ஆலா அப்படியில்லை. அதன் கருங்கண் கருங்கொண்டையை ஒட்டியே இருக்கிறது, கண்ணில் ஒரு துளி வெளிச்சம் விழாவிட்டால் முகமே இல்லாத மாதிரி ஆகிவிடும், அது தலையை வெயில் பக்கம் திருப்பும் வரை ஷட்டரைத் தொடாதீர்கள்.

ஊர்ந்து போகும்போது கூட்டம் மொத்தமும் கழுத்தை நீட்டி உங்களைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அவற்றில் பழுப்புத் தலைக் கடற்காகங்கள் லடாக், திபெத் பக்கத்து மேட்டு ஏரிகளிலிருந்து வந்து இளைப்பாறுபவை. படத்துக்காகக் கூட்டத்தை விரட்டிப் பறக்கவிடுவதும், சிப்ஸ் வீசிக் கூப்பிடுவதும் தயவுசெய்து வேண்டாம். தனுஷ்கோடி நிலம் முடியும் முனையில் நீரோட்டம் பலமாக இருக்கும், நல்ல கோணம் என்று கடலுக்குள் இறங்காதீர்கள். மாலையில் சாலையை மூடிவிடுவார்கள், போகும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லென்ஸில் உப்புச் சாரல் படிந்தால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், மணல் கீறிவிடும். ஊதிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

கேமரா திருத்தாமல் சேமிக்கும் ரா ஃபைலாக எடுத்திருந்தால் வீட்டில் வேலை குறைவு. மொத்த வெளிச்சத்தை அரை ஸ்டாப் இறக்கி, கண்ணைச் சுற்றி மட்டும் நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள். விவரங்களை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியை இறகின் மேல் இழுத்தால் பறவை தகரம் மாதிரி ஆகிவிடும், அதை மேகத்துக்கு மட்டும் வையுங்கள். வேறு வானத்தை ஒட்டாதீர்கள். பறவை பார்க்கும் பக்கம் தாராளமாக இடம் விட்டு வெட்டுங்கள்.