மனச்சோர்வில் இருக்கும்போது செய்யக்கூடாதவை

காலை மணி 11. பல் தேய்க்க வேண்டும். பிரஷ் இருக்கும் இடம் கட்டிலிலிருந்து பத்தடி. படுத்தபடியே குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் ஒரு குரல்: "உன் வயசுல அப்பா ரெண்டு தங்கச்சிங்களுக்குக் கல்யாணம் பண்ணி வச்சாரு. உனக்குப் பல்லு தேய்க்க வலிக்குதா?" அன்று நான் பல் தேய்க்கவில்லை. போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

திட்டினால் எழுந்துவிடலாம் என்று நம்புவதுதான் முதல் தவறு. அடித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்று கேட்டே வளர்ந்தோம். வளர்ந்த பிறகு அதே பிரம்பை நம்மீதே ஓங்குகிறோம். ஆனால் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் காரணமில்லாத குற்றவுணர்ச்சியும் மனச்சோர்வின் அறிகுறிப் பட்டியலிலேயே இருக்கின்றன. காய்ச்சலில் உடம்பு சுடுவதைப்போல இதில் மனசு தன்னையே திட்டும். அதை அறிவுரை என்று எடுத்துக்கொண்டால் வம்புதான்.

அப்படியானால் 'ஐயோ பாவம் நான்' என்று உட்கார்ந்துவிடலாமா? அது கழிவிரக்கம். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று அது நம்மைத் தனியே பிரித்துவைக்கும். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல் விளக்கிய தன்பரிவு வேறு. தன்னிடம் கனிவாக இருப்பது, இது மனிதப் பிறவிக்கு வருவதுதான் என்று உணர்வது, வலியை ஊதிப் பெருக்காமலும் மூடி மறைக்காமலும் பார்ப்பது என்று அதற்கு மூன்று பக்கங்கள். நடைமுறையில் ரொம்ப எளிது. நண்பன் இப்படிப் படுத்துக் கிடந்தால் என்ன சொல்வேனோ, அதை எனக்கே சொன்னேன்: "சரிடா, பல்லு அப்புறம் தேய்க்கலாம். முதல்ல தண்ணி குடி." என்னையே 'டா' போட்டுக் கூப்பிட்டது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் குடிக்க எழுந்தேன், குளியலறை வழியில்தான் இருந்தது.

அடுத்த தவறு, உதவியை மொட்டையாகக் கேட்பது. "ஒரு மாதிரி இருக்கு" என்றால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. "ஞாயித்துக்கிழமை வந்து பக்கத்துல உக்காரு, பேசக்கூட வேணாம்", "டாக்டர்கிட்ட டோக்கன் போட்டுக் குடு" என்று கேட்டால் செய்வார்கள். எல்லோரிடமும் சொல்லவும் வேண்டாம். சொன்னதை அடுத்த நாள் ஊருக்கே வாசிக்காத ஒருவர் போதும்.

வீட்டார் செய்யும் தவறுகளில் ஆபத்தானது ஒன்று உண்டு: "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்." மந்திரித்த கயிறாவது கையோடு போகும். இதில் இன்னொரு உயிர் விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறது.

சோர்வும், எதிலும் நாட்டமின்மையும் நாள் முழுக்க இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைந்தாலும் வைட்டமின் பி12 குறைந்தாலும் இதே போன்ற சோர்வு வரலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனநல மருத்துவமனை இருப்பதால் 'கீழ்ப்பாக்கம்' என்ற சென்னைப் பகுதியின் பெயரையே கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம், அதனாலேயே பலர் போகத் தயங்குகிறார்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

மருந்தில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். மனச்சோர்வு மாத்திரைகளின் பலன் தெரியவே பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டல், தூக்கக் கோளாறு போன்ற தொல்லைகளோ முதல் வாரமே வந்துவிடும். தலைவலி மாத்திரை மாதிரி நினைத்துப் போட்டவர் ஐந்தாம் நாளே தூக்கிப் போட்டுவிடுவார். தொடர்ந்து போட்டவர்கள் வேறு தவறு செய்வார்கள்: நன்றாக இருக்கிறதே என்று தாமாக நிறுத்துவது. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வெல்லாம் வரலாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். நிறுத்துவதென்றால் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சாகத் தோன்றினால் அன்றே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. போலீஸ் கேஸாகும் என்று பயந்து முயற்சியை மறைக்கவும் வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது. மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். சென்னையில் சிநேகா அமைப்பு 1986இலிருந்து இதே வேலையைச் செய்துவருகிறது. போன் போட்டுவிட்டு வார்த்தை வரவில்லை என்றால், "என்ன பேசறதுன்னே தெரியல" என்றே ஆரம்பிக்கலாம்.