அலோனா, லோன்லியா? வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு

ஓஇடி என்பது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. அதில் எழுத்துத் தேர்வுக்கு 45 நிமிஷம். முதல் 5 நிமிஷம் கேஸ் நோட்ஸை, அதாவது நோயாளியைப் பற்றிய குறிப்புகளை, வாசிக்க மட்டும். மீதி நேரத்தில் ஏறத்தாழ 180 முதல் 200 சொற்களில் ஒரு கடிதம் எழுத வேண்டும். நோட்ஸில் பெரும்பாலும் 'சோஷியல் ஹிஸ்டரி' என்று ஒரு பகுதி இருக்கும்: வயது 78, கணவர் இறந்துவிட்டார், மகன் வேறு ஊரில். இதைப் பார்த்ததும் என் வகுப்பில் பலர் 'ஷி இஸ் லோன்லி' என்று எழுதிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் முதியோர் வார்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது நாகர்கோவிலில் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் நான் அதிகம் அடித்துத் திருத்துகிற வாக்கியங்களில் இது ஒன்று.

அங்கே எழுத வேண்டியது 'ஷி லிவ்ஸ் அலோன்'. அலோன் என்றால் கூட யாரும் இல்லை, அவ்வளவுதான். எட்டிப் பார்த்தாலே தெரிகிற விஷயம். லோன்லி என்றால் துணை இல்லையே என்று மனசு ஏங்குகிறது. அது நோயாளி வாய்திறந்து சொன்னால்தான் நமக்குத் தெரியும். தனியாக இருந்துகொண்டே நிம்மதியாக இருக்கும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வாரம் தவறாமல் ஆள் வந்து பார்த்துப் போயும் ஏங்கிப்போன தாத்தாக்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் நோயாளி சொல்லாமல் 'லோன்லி' எழுதாதீர்கள். சொல்லியிருந்தால் 'ஷி ரிப்போர்ட்ஸ் ஃபீலிங் லோன்லி' என்று, சொன்னது அவர்தான் என்பது தெரியும்படி எழுதுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு 2018 ஜனவரியில் லோன்லினஸ் பிரச்சினையைக் கவனிக்கவென்றே ஓர் அமைச்சருக்குப் பொறுப்பு கொடுத்தது. அங்கே ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்குகளில் 'சோஷியல் பிரிஸ்கிரைபிங் லிங்க் ஒர்க்கர்' என்று ஒருவர் இருப்பார். நோயாளியைத் தோட்ட வேலைக் குழு, மதிய உணவு கிளப் மாதிரியான இடங்களோடு சேர்த்துவிடுவது அவர் வேலை. நீங்கள் 'லோன்லி' என்று எழுதினால் கடிதம் அவர் கைக்குப் போகலாம். 'லிவ்ஸ் அலோன்' என்று எழுதினால், வீட்டில் மாடிப்படி உண்டா, இரவில் விழுந்தால் யாரைக் கூப்பிடுவார், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று வேறு கேள்விகள் வரும். இரண்டும் தேவைப்படுகிற நோயாளிக்கு இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை எழுதவேண்டிய இடத்தில் மற்றதை எழுதினால் அவருக்கு வரவேண்டிய உதவி வராமல் போகும்.

அடுத்து, சொல் எங்கே உட்கார வேண்டும் என்பது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அலோன் வராது. 'அன் அலோன் பேஷண்ட்' என்று ஒன்று கிடையாது. இடைக்கால ஆங்கிலத்தில் 'ஆல்', 'ஒன்' என்ற இரண்டு சொல் ஒட்டிப் பிறந்தது இது. நம் 'தன்னந்தனி' மாதிரி. அஸ்லீப், அவேக், அலைவ், அஃப்ரெய்ட் எல்லாம் இதே பழக்கம் உள்ளவை, எல்லாமே 'இஸ்' போன்ற வினைக்குப் பின்னால்தான் வரும். முன்னால் வைத்தே ஆகவேண்டும் என்றால் அலோனின் தலையை வெட்டிய 'லோன்' இருக்கிறது, ஆனால் கேஸ் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை. 'எ பேஷண்ட் ஹூ லிவ்ஸ் அலோன்' என்று எழுதிவிட்டுப் போங்கள். லோன்லி முன்னாலும் வரும், பின்னாலும் வரும். ஆனால் முடிவில் 'லி' இருக்கிறதே என்று வினையோடு ஒட்டி 'ஷி லிவ்ஸ் லோன்லி' என்று எழுதக்கூடாது.

நமக்குப் பெரிய சிக்கல் 'தனியா' தான். வீட்டில் நாம் பேசும் தமிழில் இந்த ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது! 'அவங்க தனியா இருக்காங்க' என்றால் தனிக்குடித்தனம் போன தம்பதியாகவும் இருக்கலாம், கணவரைப் பிரிந்தவராகவும் இருக்கலாம். பிரிந்தவர் என்றால் 'செப்பரேட்டட்' என்று எழுத வேண்டும். 'உங்ககிட்ட தனியா பேசணும்' என்பதற்கு 'செப்பரேட்லி' வேண்டாம், 'இன் பிரைவேட்' போதும். 'தனியா நடப்பார்' என்று கேட்டதும் 'வாக்ஸ் அலோன்' என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் பக்கத்தில் ஆள் இல்லாமல் நடக்கிறார் என்றுதான் படும். கைத்தாங்கல் இல்லாமல் நடக்கிறார் என்பதற்கு வார்டில் 'இண்டிபெண்டன்ட்லி', 'அன்எய்டட்' என்று எழுதுவார்கள். ஒருவர் பிடிக்க வேண்டுமென்றால் 'அசிஸ்டன்ஸ் ஆஃப் ஒன்'. பிசியோதெரபிஸ்ட் அதைப் படித்துத்தான் நோயாளியை எழுப்புவார், அதனால் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

'லீவ்' கூடச் சேரும்போது இன்னும் கவனம் வேண்டும். 'லீவ் ஹிம் அலோன்' என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் 'அவரைத் தொந்தரவு செய்யாதே' என்று பொருள். விழக்கூடிய நோயாளியைக் குளியலறையில் விட்டுவிட்டு வரக்கூடாது என்று குறிப்பில் எழுத 'டு நாட் லீவ் அன்அட்டெண்டட்' தான் குழப்பம் இல்லாதது.

இன்னொரு அலோன் உண்டு, நம் 'மட்டும்' மாதிரி. அது பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும். வலி 'பாரசிட்டமால் அலோன்' கொடுத்தும் அடங்கவில்லை, சர்க்கரை 'டயட் அலோன்' மூலமே கட்டுக்குள் இருக்கிறது. மருத்துவக் கடிதத்தில் இது அழகாக உட்காரும், தைரியமாகப் பயன்படுத்துங்கள். 'லெட் அலோன்' என்பதும் உண்டு: 'ஷி கேனாட் சிட் அப், லெட் அலோன் ஸ்டாண்ட்'. உட்காரவே முடியவில்லை, நிற்பது எங்கே! சுலபமானது முதலில், கடினமானது பிறகு.

சரி, பேச்சுத் தேர்வு. நோயாளியாக நடிப்பவரிடம் எடுத்த எடுப்பில் 'ஆர் யூ லோன்லி?' என்று கேட்காதீர்கள், முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். பிரிட்டனில் சாதாரணமாகப் பேசும்போது அலோனைவிட 'ஆன் யுவர் ஓன்' தான் அதிகம் காதில் விழும். 'டு யூ லிவ் ஆன் யுவர் ஓன்?' என்று தொடங்குங்கள். ('பை மை ஓன்' என்று சொல்வதை விடுங்கள். 'ஆன் மை ஓன்' அல்லது 'பை மைசெல்ஃப்', இரண்டில் ஒன்று.) அப்புறம் வீட்டுக்கு யார் வந்துபோகிறார்கள் என்று கேளுங்கள். பேச்சு இளகிய பிறகு 'டு யூ எவர் ஃபீல் லோன்லி?'. அந்த 'எவர்' முக்கியம், ஆமாம் என்று சொல்ல அவருக்குக் கூச்சம் குறையும். சொல்லிவிட்டால் 'டோன்ட் வொரி' என்று மூடிவிடாதீர்கள். எந்த நேரத்தில் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, ராத்திரியிலா, ஞாயிற்றுக்கிழமையிலா என்று கேட்டுவிட்டு, 'உட் யூ லைக் மீ டு அரேஞ்ச் ஃபார் சம்ஒன் டு டாக் டு யூ?' என்று சம்மதம் கேளுங்கள்.