பிரட்னிசலோன் மாத்திரையை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும், ஏன் அப்படி?

முடக்குவாதம், எதிர்ப்பாற்றல் சொந்த உடலையே தாக்கும் லூபஸ், கடுமையான ஆஸ்துமா, குழந்தைகளுக்கு வரும் நெஃப்ரோடிக் சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காகப் பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை எழுதிக் கொடுக்கும் மருத்துவர், அதனுடன் சில விதிகளையும் சொல்லி அனுப்புவார். காலையில் உணவுக்குப் பின் போட வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது, அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. காரணம் புரியாத விதியை வலி குறைந்ததும் மறந்துவிடுகிறோம். ஆகையால் இந்த மாத்திரை உடலில் எங்கே வேலை செய்கிறது என்பதை முதலில் விளக்கிவிட்டு, எடுத்துக்கொள்ளும் முறைக்கு வருகிறேன்.

இன்சுலினும் அட்ரினலினும் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளில், அதாவது செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களில், பொருந்தி வெளியிலிருந்தே தம் செய்தியைச் சொல்லிவிடுகின்றன. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனோ கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு என்பதால் செல்சவ்வைக் கடந்து உள்ளே போய்விடுகிறது. அங்கே உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தில் குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி என்னும் புரதம், வேறு சில துணைப் புரதங்களின் பிடியில் செயலற்று இருக்கிறது. கார்ட்டிசாலோ, அதன் செயற்கை உறவான பிரட்னிசலோனோ வந்து பொருந்தியதும் அந்தப் பிடி தளர, ஏற்பி உட்கருவுக்குள் நுழைந்து டி.என்.ஏ.வை அடைகிறது. அழற்சியை அடக்கும் புரதங்களுக்கான மரபணுக்களை அது முடுக்கிவிடுகிறது. அதே வேளையில், அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களை இயக்கும் என்.எஃப். கப்பா பி, ஏ.பி. 1 ஆகிய புரதங்களின் கையைக் கட்டிப்போடுகிறது. இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற சைட்டோகைன்களின், அதாவது அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களின், உற்பத்தி இதனால் குறைகிறது. நோய்த்தொற்றின்போது நம் எதிர்ப்பாற்றல் கட்டுமீறி உடலையே தாக்காதபடி இயற்கை வைத்திருக்கும் கடிவாளம் இதுதான். மாத்திரை அந்தக் கடிவாளத்தை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முதன்முறையாக ஒரு முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசாலின் நெருங்கிய உறவான கார்ட்டிசோனைக் கொடுத்தபோது, நடக்கவே திணறிய அந்தப் பெண் சில நாள்களில் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், ததேயுஸ் ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் மருந்து நின்றால் நோய் திரும்புவதும், நீண்ட நாள் கொடுத்தால் வேறு தொல்லைகள் தலைதூக்குவதும் வெகு விரைவில் தெரிந்துபோயின. இதே ஏற்பி வெள்ளணுக்களில் மட்டுமன்றி எலும்பு, தசை, கல்லீரல், தோல், கண் என ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருப்பதுதான் அதற்குக் காரணம்.

இனி, எடுத்துக்கொள்ளும் முறை. ஒரு நாளுக்கு ஒரு வேளை என்றால் காலை உணவு முடிந்ததும் போடுங்கள். இயற்கையான கார்ட்டிசால் விடியற்காலையில் உச்சத்தை எட்டி நள்ளிரவில் தாழ்ந்திருக்கும். அந்தத் தாளத்தை ஒட்டி மருந்தும் சென்றால் உறக்கம் கெடுவது குறையும். மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் நிவாரணம் தெரியவில்லை என்று கூடுதலாக இன்னொன்றைப் போடாதீர்கள். மரபணு இயங்கி, புதிய புரதம் உருவாகி, பழையது கரைந்து முடியச் சில மணி நேரம் ஆகும். ஆஸ்துமாக்காரர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்: மூச்சுத்திணறலை உடனே தணிக்கும் சால்புடமால் செல்லின் மேற்பரப்பு ஏற்பியில் வேலை செய்கிறது, அன்றாடம் உறிஞ்சும் ஸ்டீராய்டு இன்ஹேலரோ செல்லுக்குள் வேலை செய்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாயை நீரால் கொப்பளித்துத் துப்பிவிட்டால் நாக்கில் பூஞ்சை படர்வதைத் தவிர்க்கலாம்.

திடீரென நிறுத்தக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் தலையாய விதி. உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசாலுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரட்னிசலோன் ஈடாகும். அதற்கு மேற்பட்ட அளவு வாரக்கணக்கில் உள்ளே போகும்போது, மூளையின் ஹைபோதாலமசிலும் பிட்யூட்டரியிலும் உள்ள இதே ஏற்பிகள் கார்ட்டிசால் போதுமான அளவு இருப்பதாக உணர்ந்து, அட்ரினலுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகின்றன. கட்டளை வராத சுரப்பி சுருங்கிப்போகிறது. அந்த நிலையில் மாத்திரையையும் நிறுத்தினால் உடலில் கார்ட்டிசாலே இல்லாமல் போய், கடுஞ்சோர்வு, வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி என உயிருக்கே ஆபத்து நேரலாம். மூன்று வாரங்களுக்கு மேல் எடுத்துக்கொண்ட எவரும் மருத்துவர் வகுத்த அட்டவணைப்படியே குறைக்க வேண்டும். இடையில் கடும் காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்குமா என்று கேளுங்கள். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள், ஊசி மூலம் ஹைட்ரோகார்டிசோன் (மருந்து வடிவிலான கார்ட்டிசால்) தேவைப்படலாம்.

தொடங்கும் முன்பே காசநோய், சர்க்கரை நோய், வயிற்றுப்புண் பற்றிய விவரங்களை மருத்துவரிடம் சொல்லுங்கள். எதிர்ப்பாற்றல் தணியும்போது பதுங்கியிருக்கும் காசநோய் விழித்துக்கொள்ளும். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. வீட்டில் யாருக்காவது சின்னம்மை கண்டால் அதையும் தெரிவிக்க வேண்டும். காலை வேளை மருந்தால் சர்க்கரை பெரும்பாலும் பிற்பகலில்தான் ஏறும் என்பதால், வெறும் வயிற்றுப் பரிசோதனையை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். எலும்புத் தேய்வு முதல் சில மாதங்களிலேயே வேகமாக நடக்கிறது, ஆகவே கால்சியம், வைட்டமின் டி பற்றி முதல் சந்திப்பிலேயே பேசிவிடுவது நல்லது. நீண்ட நாள் எடுப்பவர்கள் கண்புரைக்கும் கண்ணழுத்தத்துக்கும் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அதிமதுரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொண்டைக் கரகரப்புக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் இந்த வேரிலுள்ள கிளிசரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் அதை நாள்தோறும் உண்டால் இரத்த அழுத்தம் கூடலாம், பொட்டாசியம் குறையலாம்.

ஒருவர் சீட்டில் எழுதிய ஸ்டீராய்டை இன்னொருவர் போட்டுக்கொள்வதை நான் மிகுந்த கவலையோடு பார்க்கிறேன். 2020இல் பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வில், நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதாசோன் என்னும் மற்றொரு ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் தரவில்லை. எதிர்ப்பாற்றல் மிகையாகும்போது உதவும் அதே மருந்து, அது அளவோடு இருக்கும்போது கிருமிக்கே வழிவிடக்கூடும். மறு ஆண்டு இந்தியாவில் பரவிய கறுப்புப் பூஞ்சை நோய்க்கு, கட்டுப்படாத சர்க்கரையோடு ஸ்டீராய்டின் முறையற்ற பயன்பாடும் காரணமாயிற்று. படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளரவிடும்.

மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ சென்றால் அதைக் காட்டுங்கள். அட்ரினல் சுரப்பி முழுத் திறனுக்குத் திரும்பச் சில சமயம் ஓராண்டு வரை ஆகும் என்பதால், மாத்திரையை நிறுத்திய பின்னும் அந்தச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள்.